இறங்கி வந்தவரின் துடிப்பு

அந்த மனிதர் விண்வெளியிலிருந்து இறங்கி வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. வீடு போய்ச் சேர்ந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கப் பழகி, மனைவி சமைத்ததைச் சாப்பிட்டு, மதியம் ஆனால் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய நெஞ்சு மட்டும் இன்னும் மேலே துடித்துக்கொண்டிருந்தது.

இதை முதலில் பார்த்தவள் பாம்புச்செவி. பார்த்ததும் அவள் அலறவில்லை. கையிலிருந்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பயம் அவளுக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும். வந்துவிட்டால் லேசில் கிளம்பாது.

பாம்புச்செவி என்ற பெயர் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. மாடிப்படியில் ஏறி வருவது அப்பாவா, அடுத்த வீட்டுக்காரரா, வழி தவறி வந்தவரா என்று கதவு தட்டும் முன்பே சொல்லிவிடுவாள். காதால் கேட்டுச் சொல்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அவள் தரையில் உள்ளங்காலைப் பதித்து உட்கார்ந்திருப்பாள். காலடிகள் கால் வழியாகத்தான் அவளுக்கு வந்து சேரும். பள்ளியில் பெஞ்சில் யார் காலை ஆட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லி, அதற்காகவே இரண்டு தோழிகளை இழந்தாள். படித்து முடித்து, இந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே பழைய பெயரும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் அலுவலகத்தில் பாதிப் பேர் முழிப்பார்கள்.

வேலை இதுதான். பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஆய்வுக்கூடத்தில் சுவரோடு சுவராக ஒரு பெட்டி பொருத்தியிருக்கிறார்கள். முடுக்கமானி என்று அதற்குப் பெயர். அறையில் எல்லோரும் பெட்டி என்றே சொல்வார்கள். கூடத்தில் எது அசைந்தாலும் அந்த அசைவு ஒரு கோடாகக் கீழே வரும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குத்தான் பாம்புச்செவிக்குச் சம்பளம்.

மேலே எடையே இல்லை, எல்லாம் மிதக்கிறது, அமைதியோ அமைதி என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அமைதியாவது மண்ணாவது. பம்ப் ஓடும், விசிறி சுற்றும், ஒருவர் அலமாரிக் கதவை முழங்காலால் சாத்துவார், இன்னொருவர் உடற்பயிற்சிக்கான ஓடும் பட்டையில் ஏறி ஓடினால் கூடமே ஆடும். தும்மல்கூடக் கோட்டில் தெரியும். நம் எடையைப் பத்து லட்சம் பங்கு போட்டு அதில் ஒரு பங்கை எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவு சின்னத் தள்ளலையும் பெட்டி விடாது. யார் எந்தக் கையால் சுவரைத் தள்ளிக்கொண்டு மிதக்கிறார்கள் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. மேலே இருந்தவர்களில் யாரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் எப்போது எரிச்சலாக இருக்கிறார்கள் என்பது தெரியும். எரிச்சலில் இருப்பவர் சுவரைக் கொஞ்சம் பலமாகத் தள்ளுவார்.

இந்தக் கோட்டுக்காகக் காத்துக் கிடப்பவர் படிகக்காரர். மேலே ஒரு சின்ன உலையில் உலோகத்தை உருக்கி, அது ஆறும்போது அதிலிருந்து படிகம் வளர்க்கிறார். எடை இல்லாத இடத்தில் வளரும் படிகம் குறையில்லாமல் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. உருகிய உலோகம் லேசாக அலம்பினாலும் எல்லாம் பாழ். அதனால் உலை எரியும் நேரமெல்லாம் அசைவு எப்படி இருந்தது என்று பாம்புச்செவி சொல்லியாக வேண்டும். அவள் அமைதி என்று சொன்னால்தான் அது அமைதி. மேலே எல்லோரும் தூங்கும் வேளையில்தான் உலையைப் பற்றவைப்பார்கள். அவர்களுடைய இரவு இங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கும். வெளியில் வெயில் கொளுத்தும். உள்ளே குளிர்பதன அறையில் பாம்புச்செவி சால்வையைப் போர்த்திக்கொண்டு, வேறு மனிதர்களின் தூக்கத்தைக் காவல் காப்பாள்.

அந்தத் தூங்குகிறவர்களில் ஒருவர்தான் இறங்கி வந்த இந்த மனிதர். தூங்கும் பையின் வாரை மாட்டிக்கொண்ட மறுநொடி தூங்கிவிடுவார் என்பதால் கீழே அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அவருக்கு ஒதுக்கிய தடுப்பறையில் விசிறி கடகடவென்று சத்தம் போட்டது. பொறுத்துப் பார்த்தார். பிறகு தூங்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து உலைக்குப் பக்கத்துச் சுவரில் கட்டிக்கொண்டார். சரியாகப் பெட்டிக்கு அண்டையில்.

அன்றிலிருந்து கோட்டில் ஒரு மெல்லிய துடிப்பு வர ஆரம்பித்தது. அது என்ன என்று கண்டுபிடிக்க அவளுக்கு அரை நாள்கூட ஆகவில்லை. நெஞ்சு ரத்தத்தை ஒரு பக்கம் தள்ளும்போது உடம்பு மறுபக்கம் நூலிழை நகர்கிறது. கீழே என்றால் கட்டிலும் மெத்தையும் அதை விழுங்கிவிடும். அங்கே விழுங்க ஒன்றும் இல்லை. பையிலிருந்து சுவருக்கும் சுவரிலிருந்து பெட்டிக்கும் போய்விடுகிறது.

படிகக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒருத்தரோட நெஞ்சு என் உலைய ஆட்டுதுன்னா நான் எங்கங்க போய் அழறது?"

"இடத்தை மாத்தச் சொல்லலாமா?" என்றாள்.

"கேட்டாச்சு. வேற எங்கயும் தூக்கம் வரலங்கறாரு. சரி, போகட்டும். நெஞ்சோட ஆட்டம் தெரிஞ்ச ஆட்டம்தானே, அதை நாங்க தனியாக் கணக்குல வெச்சுக்கறோம். அதுக்கடியில வேற என்ன ஆடுதுன்னு பாக்கணும். அதை மட்டும் துடைச்சுக் குடுங்க, போதும்."

துடைத்துக் கொடுக்கக் கணினியில் ஒரு நிரல் எழுதினாள். அதற்குத் துடைப்பம் என்று பெயர் வைத்தாள். தூங்குமூஞ்சியின் ஒரு துடிப்பு எப்படி இருக்கும் என்ற அச்சு அதனிடம் இருக்கும். கோட்டில் அடுத்த துடிப்பு எங்கே என்று தேடி, அந்த இடத்தில் அச்சைக் கழித்துவிட்டு நகரும். கழித்தபின் மிஞ்சுவது படிகக்காரருக்குப் போகும். முதல் சில நாள் துடைப்பம் மக்கர் செய்தது. எங்காவது ஓரிடத்தில் துடிப்பைத் தேடிப் பார்க்கும், கிடைக்காது, அப்படியே நின்றுவிடும். பெட்டிதான் எதையோ தவறவிடுகிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். நின்று நின்று போகும் துடைப்பத்தோடு மாரடிக்க நேரமில்லை. ஒரே ஒரு விதியைச் சேர்த்தாள்: துடிப்பு கிடைக்காவிட்டால், வந்ததாகவே வைத்துக்கொண்டு மேலே போ.

வகுப்புக்கு வராத தோழனுக்கும் சேர்த்து "உள்ளேன்" சொல்லும் பையன் மாதிரி. அதற்குப் பிறகு துடைப்பம் ஒரு நாளும் நிற்கவில்லை. அவளுக்குப் பாராட்டுகூடக் கிடைத்தது.

தூங்குமூஞ்சியின் மனைவி அறிமுகமானது கேன்டீனில். வாரம் ஒருமுறை கணவரோடு திரையில் பேச அந்தப் பெண் பாம்புச்செவி வேலை பார்க்கும் நிலையத்துக்கு வருவாள். பேசி முடித்ததும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் கேன்டீனில் ஆறிப்போன காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாம்புச்செவி ஒருநாள் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"தூக்கமே வரலக்கா. கல்யாணம் ஆன நாள்லருந்து அவர் நெஞ்சுல கை வெச்சுத்தான் தூங்கறேன். இப்ப கைய எங்க வெக்கறதுன்னே தெரியல."

பாம்புச்செவிக்கு மனசு இளகிவிட்டது. மேலே இருப்பவர்களின் உடம்பு சம்பந்தப்பட்ட எதையும் வெளியாருக்குக் காட்டக் கூடாது. அந்த விதியை அவளே புதியவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். இருந்தும் காதும் காதும் வைத்த மாதிரி அந்தப் பெண்ணை அறைக்குக் கூட்டிவந்து, துடைக்காத கோட்டை ஓரத்துத் திரையில் ஓடவிட்டாள். அந்தப் பெண் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் வந்தாள். ஒருநாள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை எடுத்தாள்.

"அக்கா, இப்ப ஒண்ணு விட்டுப் போச்சே?"

"பெட்டி விட்டிருக்கும்மா. மனுஷன் விடல. நீ பயப்படாதே."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு மறுபடி கையை வைத்துக்கொண்டாள்.

இவ்வளவும் நடந்து, தூங்குமூஞ்சி இறங்கி வந்து, அவருடைய பையைச் சுருட்டி மூட்டை கட்டியும் ஆகிவிட்டது. இப்போதுதான் இந்தத் துடிப்பு. படிகக்காரருக்கு அனுப்ப வேண்டிய கோட்டில், உலைக்குப் பக்கத்துச் சுவரிலிருந்து, அதே நிதானத்தோடு. அவருக்கு அடிக்கிற அதே இடைவெளி. அவருடைய தூக்க நேரத்தில் தொடங்கி, அவர் எழுந்துகொள்ளும் நேரத்தில் நின்றுவிடுகிறது. பாம்புச்செவி முந்தைய நாட்களின் கோடுகளைப் புரட்டிப் பார்த்தாள். அவர் இறங்கிய நாளிலிருந்தே இருந்திருக்கிறது. வேறு வேலையில் இருந்தவள் கவனிக்கவில்லை.

மேலே இருப்பவர்களோடு பேசும் பொறுப்பில் உள்ளவரிடம் போய், உலைக்குப் பக்கத்தில் யாராவது தூங்குகிறார்களா என்று கேட்கச் சொன்னாள். பதில் உடனே வந்தது.

"இங்க யாரும் இல்லையே. ஏன், எதுக்குக் கேக்கறீங்க?"

காரணம் சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பொறுப்பாளருக்கு வாய் சும்மா இருக்காது, சொல்லிவிட்டார். மறுநாள் கேமராவில் பார்த்தால், அந்தச் சுவரில் பை கட்டியிருந்த கொக்கிகளின்மேல் யாரோ ஒரு துண்டை விரித்து மாட்டியிருந்தார்கள். யார் மாட்டியது என்று கேட்டதற்கு மேலே இருந்த மூன்று பேருமே தாங்கள் இல்லை என்றார்கள். அதன்பின் அந்தப் பக்கம் போக வேண்டிய வேலையை ஒருவர்மேல் ஒருவர் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். கோட்டில் அது நன்றாகவே தெரிந்தது. அந்தச் சுவரை யாரும் கையால் தொடுவதில்லை. சுற்றிக்கொண்டு போனார்கள்.

பிரிவுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பம்ப்பா இருக்கும்" என்றார்.

"பம்ப்புக்கு நான் மாமியார் மாதிரிங்க. அது எப்படி மூச்சு விடும்னு எனக்குத் தெரியும். இது பம்ப் இல்ல."

"பின்ன என்னன்னு அறிக்கையில எழுதுவீங்க?"

எப்போதும் கேலி பேசும் படிகக்காரர்கூடப் பேயறைந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். தாமதமாக வரும் பயம் அன்றைக்குத்தான் வந்தது. அறையில் எல்லோரும் டீ குடிக்கப் போனபிறகு தனியாக உட்கார்ந்து கோட்டைப் பார்த்தாள். குளிர்பதனம் உறுமிக்கொண்டிருந்தது. துடிப்பு வந்தது, வந்தது, வந்தது. வெகுநேரம் பார்த்தபின் ஒன்று உறைத்தது. தூங்குமூஞ்சி மேலே இருந்த காலத்தில் அவர் மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரையும், விடும்போது தளரும். கனவு கண்டால் தடதடக்கும். இந்தத் துடிப்பு மூச்சு விடவே இல்லை. கனவும் காணவில்லை. உயிரோடு இருக்கும் எதுவும் இவ்வளவு ஒழுங்காக அடிக்காது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வீட்டில் சொன்னாள். அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கட்டடங்களின் கிணறு மாதிரியான பொந்துகளில் தொங்கிவிட்டு, முழங்கையில் கிரீஸோடு வருகிற மனிதர். பேய், பிசாசு எதுவானாலும் லிப்டில்தான் முதலில் ஏறும், தான் பார்க்காததா என்பார்.

சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "காலி லிப்டு எந்தப் பக்கம் போகும், சொல்லு" என்றார்.

"இது என்ன கேள்வி? பிரேக்க விட்டா கீழதான் வரும்."

"தப்பு. மேல போகும். கயித்தோட அந்தப் பக்கம் கவுண்டர் வெயிட்டு தொங்குதில்ல? ஆளுங்க ஏறுவாங்கன்னு கணக்குப் பண்ணி மாட்டின கல்லு அது. ஆள் இருந்தா சரிக்குச் சரி. ஆள் இல்லேன்னா கல்லு ஜெயிச்சிடும், காலிப்பெட்டி விறுவிறுன்னு மேல ஏறிடும். பாக்கறவன் உள்ள யாரோ இருந்து ஓட்டறாங்கன்னு நினைச்சு அலறுவான். உள்ள யாரும் இல்லாததாலதான் அது ஓடுது."

அவர் ஏதோ லிப்ட் புராணம் பாடுகிறார் என்று முதலில் நினைத்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் முதல் வேலையாகத் துடைக்காத கோட்டைத் திறந்தாள். தூங்குமூஞ்சி இறங்கியபின் அதை யாரும் திறக்கவே இல்லை. அது நேராகக் கிடங்குக்குப் போய்விடும், துடைத்ததுதான் எல்லோர் மேசைக்கும் வரும். திறந்து பார்த்தால், துடைக்காத கோட்டில் துடிப்பே இல்லை. பம்ப் இருந்தது, விசிறி இருந்தது, உலைக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. துடைத்த கோட்டில் இருந்த துடிப்பை உற்றுப் பார்த்தாள். மேலே எழும்ப வேண்டிய இடத்தில் கீழே இறங்கியது. தலைகீழாக இருந்தது.

துடைப்பத்தை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தூக்க நேரம் ஆனதும் அது வழக்கம்போல எழுந்து தூங்குமூஞ்சியின் துடிப்பைத் தேடியது. கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் வந்ததாக வைத்துக்கொள் என்று அவள்தானே சொல்லியிருந்தாள். அவருடைய வழக்கமான இடைவெளியிலேயே இல்லாத துடிப்பைக் கழித்தது, அடுத்ததைக் கழித்தது, விடியும்வரை ஆள் இல்லாத சுவரிலிருந்து ஒரு மனிதரைக் கழித்துக்கொண்டே இருந்தது. மிஞ்சியது அவருடைய தலைகீழ் உருவம்.

பாம்புச்செவி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. படிகக்காரர் ஓடி வந்தார், அவருக்கும் விளக்கினாள், அவரும் சிரித்தார். மேலே இருப்பவர்களுக்குச் சொல்லித் துண்டை எடுக்கச் சொல்லலாம் என்று முடிவானது. அவர் போனபிறகுதான் அவள் சிரிப்பு மெல்ல மெல்ல வற்றியது.

இந்தத் தலைகீழ் முள்ளை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள்.

தூங்குமூஞ்சி மேலே இருந்த காலத்திலேயே துடைத்த கோட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கீழ்நோக்கி ஒரு சின்ன முள் விழும். படிகக்காரர்கூட இது என்ன என்று கேட்டிருக்கிறார். காரணம் தெரியாத சிறு அசைவு என்று எழுதிவிட்டு அவள் கை கழுவிவிட்டாள். இப்போது அந்த நாட்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அதே முள், அதே உருவம், நூல் பிடித்த மாதிரி. துடைப்பம் துடிப்பைத் தேடிக் கிடைக்காமல், வந்ததாக எழுதிக்கொண்ட இடங்கள் அவை.

அதற்கு நேராகத் துடைக்காத கோட்டை வைத்துப் பார்த்தாள். பெட்டி எதையாவது தவறவிட்டிருந்தால் அந்த நொடியில் பம்பும் விசிறியும் சேர்ந்து விட்டுப்போயிருக்கும். பம்ப் இருந்தது. விசிறி இருந்தது. தொலைவில் யாரோ தூக்கத்தில் புரண்டதுகூட இருந்தது. நெஞ்சு மட்டும் இல்லை.

முதல் மாதங்களில் எப்போதாவது ஒரு முள். பிறகு இரண்டிரண்டாக. இறங்குவதற்கு முந்தைய வாரங்களில், ஆழ்ந்த தூக்கத்தில், முட்கள் வரிசையாக நின்றன. வேலி மாதிரி. அவ்வளவு நேரமும் அந்த மனிதருக்குள் ஒன்றுமே அடிக்கவில்லை. அவள் எழுதிய ஒரு வரி, ஒவ்வொரு தடவையும் அவருக்காக "உள்ளேன்" சொல்லியிருக்கிறது. மருத்துவர்கள் அவரைப் பகலில் ஓடவிட்டும் குனியவிட்டும் சோதித்து நெஞ்சு கல் மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். தூக்கத்தில் யாரும் பார்க்கவில்லை. தூக்கத்தில் பார்த்த ஒரே பெட்டி இது, பார்த்த ஒரே ஆள் இவள்.

பிரிவுத் தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர்தான்.

"அடுத்த பயணத்துக்கும் அவரைத்தான் எடுத்திருக்காங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"இதைச் சொன்னா அவர் இனிமே மேல போகவே முடியாது. தப்பா இருந்தா உங்களையும் என்னையும் சும்மா விடமாட்டாங்க. மருத்துவப் பிரிவுக்கு நான் இப்பவே எழுதறேன். அவங்க கூப்பிட்டு, சோதிச்சு, ஒரு வாரத்துல தெரிஞ்சிடும்."

"ஒரு வாரம் அவர் தினம் தூங்குவாருங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் எழுதிட்டிருக்கேன். நீங்க யாருக்கு போன் பண்றீங்கன்னு நான் பாக்கல" என்றார்.

வராந்தாவில் நின்று அந்தப் பெண்ணை அழைத்தாள். வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டியிருந்தது.

"அக்கா? என்ன இந்த நேரத்துல? அவர் தூங்கறாரே."

"பக்கத்துல இருக்கியாம்மா?"

"இங்கதான் இருக்கேன்."

"அவர் நெஞ்சுல கை வை. வெச்சுட்டு, ஒவ்வொண்ணு அடிக்கறப்பவும் போன்ல நகத்தால தட்டு. ஏன்னு அப்புறம் சொல்றேன்."

அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் காதில் தட்டும் ஒலி வந்தது. டக். டக். டக். பாம்புச்செவிக்கு அந்த நடை பழக்கமானது. மூச்சை இழுக்கும்போது விரைந்து, விடும்போது தளர்ந்தது. உயிருள்ள நடை. தான் நினைத்தது தப்பாக இருக்கட்டும், வேலை போனாலும் போகட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். டக். டக்.

ஒலி நின்றது.

போன் தூரத்தில் போய்விட்டதா என்று நினைத்தாள். இல்லை, அந்தப் பெண்ணின் மூச்சு கேட்டது. கீழே வாசலில் ஒரு கார் கிளம்பியது. அது தெருமுனைவரை போன சத்தமும் கேட்டது. டக் வரவில்லை.

பிறகு ஒன்று வந்தது. தயங்கி, இன்னொன்று.

"அக்கா." குரல் மிக மெதுவாக இருந்தது. "அன்னைக்கு பெட்டி விட்டுச்சுன்னு சொன்னீங்களே. இது என் கை. என் கை விடாதுக்கா."

"எழுப்பு அவரை. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

எழுப்பினாள், கூட்டிக்கொண்டு போனாள். மனிதர் பிழைத்துக்கொண்டார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிவிட்டாராம். தூங்குமூஞ்சியின் பெயரை அடுத்த பயணத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பாம்புச்செவிக்கு, காட்டக் கூடாததைக் காட்டியதற்காக ஒரு எச்சரிக்கை வந்தது. அதை அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். துடைப்பத்தை அன்றே அழித்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் வீட்டுக்குக் கூப்பிட்டாள். தூங்குமூஞ்சி வாங்க என்றுகூடச் சொல்லாமல் உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். வானத்தை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டவள் இவள்தான் என்ற கோபம் அவருக்கு ஆறவில்லை. பாம்புச்செவிக்கு அதில் வருத்தம் இருந்தது, ஆனால் அவர் கோபப்பட உயிரோடு இருக்கிறார் என்பதில் நிம்மதியும் இருந்தது.

"நெஞ்சுக்குள்ள சின்னதா ஒரு பெட்டி வெச்சிருக்காங்கக்கா" என்றாள் அந்தப் பெண். "நீங்களும் ஒரு பெட்டி வெச்சிருந்தீங்களே, அது மாதிரியான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். இல்லம்மா, இது பாத்துக்கிட்டே இருக்கும், துடிப்பு வரலேன்னா இதுவே ஒண்ணைப் போட்டுட்டு மேல போயிடும்னாரு."

பாம்புச்செவி டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் எழுதி அழித்த அதே ஒரு வரி.

"வாங்கக்கா." அந்தப் பெண் அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப் போனாள். அவர் அதற்குள் தூங்கியிருந்தார். அந்தப் பழக்கம் போகவில்லை. "இப்பல்லாம் ஒண்ணுகூட விட்டுப் போறதில்ல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. ராத்திரியெல்லாம் கை வெச்சுப் பாக்கறேன். எது அவர் போடறது, எது அது போடறதுன்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமே. ஒரு தடவ சொல்லுங்க, போதும்."

பாம்புச்செவி கூசினாள். அந்தப் பெண் விடவில்லை. அவள் கையை எடுத்துத் தூங்குகிறவரின் நெஞ்சில் வைத்து, தன் கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

மாடிப்படியில் ஏறுவது யார் என்று சொன்ன பெண், வானத்தில் தும்முவது யார் என்று சொன்ன பெண், கண்ணை மூடிக்கொண்டு கவனித்தாள். துடிப்பு வந்தது. அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது, எந்தக் குறையும் இல்லாமல், சரியான நேரத்துக்கு.

"தெரியுதாக்கா?"

அவளுக்குத் தெரியவில்லை.